வாசலை எண்ணிவிட்டுப் பூட்டு வாங்குங்கள்: சிறிய அலுவலகத்துக்கு ஃபயர்வால் தேர்ந்தெடுப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பர் மாதக் கடைசி. வரித் தணிக்கை அறிக்கைகளைத் தாக்கல் செய்ய நான்கு நாள்தான் பாக்கி. தெரிந்த ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து காலை எட்டு மணிக்கே அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், டேலி கணக்குகள் இருந்த கணினியில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. திரையில் பணம் கேட்டு ஓர் ஆங்கிலக் கடிதம். "போன வருடம்தானே சார் ஃபயர்வால் வாங்கினோம்?" என்று ஆடிட்டர் என்னிடம் கேட்டார்.

வாங்கியிருந்தார்கள்தான். இணையத்துக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் நடுவே காவல் நிற்கும் அந்தப் பெட்டி, அலமாரிக்கு மேல் பச்சை விளக்கு மினுங்க உட்கார்ந்திருந்தது. உரிமமும் உயிரோடு இருந்தது. ஆனால் ஆடிட்டர் இரவில் வீட்டிலிருந்து அலுவலகக் கணினியில் வேலை பார்க்க வசதியாக, பெட்டியை மாட்டியவர் 3389 என்ற போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிட்டிருந்தார். விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வாசல் அது. உலகம் முழுவதும் இரவும் பகலும் தானியங்கி நிரல்கள் அந்த வாசலைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. கடவுச்சொல் என்னவென்று கேட்டேன். அலுவலகத்தின் பெயரும் 123-ம். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை.

அன்றிலிருந்து யாராவது "எந்த ஃபயர்வால் நல்லது?" என்று கேட்டால், பெட்டியின் பெயரைச் சொல்வதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை வாசல்? பெட்டியைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? பத்திலிருந்து இருபத்தைந்து பேர் வரை ஒரே ஃபைபர் இணைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆடிட்டர் அலுவலகம், சிறிய ஏற்றுமதி நிறுவனம், மருத்துவமனையின் கணக்குப் பிரிவு, பயிற்சி மையம் எல்லாம் இதில் அடங்கும்.

முதலில் தாளும் பேனாவும்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். இணையத்தைத் தொடும் ஒவ்வொரு பொருளையும் ஒரு தாளில் எழுதுங்கள். கணினிகள், பிரின்டர், சிசிடிவி காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர், வருகைப்பதிவுக்கான விரல்ரேகைக் கருவி, வரவேற்பறைத் தொலைக்காட்சி, ஊழியர்களின் கைப்பேசிகள். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் இந்தக் கணக்கு முப்பத்தைந்தைத் தாண்டுவது சாதாரணம். எண்ணி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரு பொருளுக்கு முன் நின்று "இது எதற்கு இங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அடுத்து, இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் முகவரியும் கடவுச்சொல்லும் அடிப்பக்கம் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

போர்ட் ஃபார்வேர்டிங் என்ற பக்கத்தில் யாராவது ஏதாவது திறந்து வைத்திருக்கிறார்களா? சிசிடிவி மாட்டியவர், டேலிக்காரர், பழைய கணினிப் பழுதுபார்ப்பவர் என ஆளுக்கொரு ஓட்டை போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எதற்கென்று யாராலும் சொல்ல முடியாததை மூடிவிடுங்கள். தேவைப்பட்டவர் மறுநாளே வந்து கேட்பார்.

யுபிஎன்பி என்ற வசதி இயக்கத்தில் இருக்கிறதா? உள்ளே இருக்கும் கருவிகள் தாமாகவே வெளியுலகுக்குக் கதவைத் திறந்துகொள்ள அனுமதிக்கும் ஏற்பாடு இது. வீட்டில் விளையாட்டுக் கருவிகளுக்கு உதவும். அலுவலகத்தில் அணைத்துவிடுங்கள்.

பெட்டிக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் ஐபி முகவரி என்ன? அது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், உங்களுக்கெனத் தனி முகவரி இல்லை. நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. விபிஎன் என்பது தொலைவிலிருந்து அலுவலகத்துக்குள் பாதுகாப்பாக நுழையும் மறைவழி. வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வரும் விபிஎன் இந்த இணைப்பில் வேலை செய்யாது. நிலையான முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை போல உள்ளிருந்து வெளியே போய்க் கைகோக்கும் வகையைப் பயன்படுத்த வேண்டும். பெட்டி வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏற்கெனவே இருக்கும் பெட்டி சும்மா இல்லை

இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரிலும் ஒரு ஃபயர்வால் இருக்கிறது. உள்ளே இருக்கும் 192.168-இல் தொடங்கும் முகவரிகளை அது வெளியே ஒரே முகவரியாக மாற்றி அனுப்புகிறது. இதைத்தான் நேட் என்கிறார்கள். யார் எந்தத் தளத்தைக் கேட்டார் என்று குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு வரும் பதிலை மட்டும் உரியவரிடம் சேர்க்கிறது. யாரும் அழைக்காமல் வருவதை வாசலிலேயே விட்டுவிடுகிறது. குடியிருப்பில் பெயர் கேட்டு உள்ளே விடும் வாட்ச்மேனின் வேலை இது.

அந்த வாட்ச்மேன் வெளியே போகிறவர்களைக் கேள்வி கேட்பதில்லை. உள்ளே ஒரு கணினியில் கெட்ட நிரல் புகுந்து அது தன் எசமானனுக்குத் தகவல் அனுப்பினால், "நம் வீட்டு ஆள்தானே போகிறார்" என்று கதவைத் திறந்துவிடுவார். உள்ளே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதையும் அவர் கவனிப்பதில்லை. விருந்தினர் கைப்பேசியும் கணக்கு வைத்திருக்கும் கணினியும் ஒரே கூடத்தில் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. புதிய ஐபிவி6 என்ற முகவரி முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகப் பொது முகவரியே கிடைக்கிறது. அங்கே நேட் என்ற திரை வழக்கமாக இருக்காது. இந்தியாவில் பல இணைய நிறுவனங்கள் ஐபிவி6 கொடுக்கின்றன. எந்தப் பெட்டி வாங்கினாலும், "வெளியிலிருந்து வருவதைத் தடு" என்ற விதி ஐபிவி6-க்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறைக்கு மட்டும் விதி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய.

எது வேண்டும், எது வேண்டாம்

விற்பனையாளர் நாற்பது வசதி சொல்வார். சிறிய அலுவலகத்துக்கு உண்மையில் உதவுபவை சில.

முதலிடம், வலையமைப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வசதிக்கு. வி-லேன் என்பார்கள். அலுவலகக் கணினிகள் ஒரு பக்கம், சிசிடிவியும் விரல்ரேகைக் கருவியும் ஒரு பக்கம், விருந்தினர் வைஃபை ஒரு பக்கம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களிலும் டிவிஆர்களிலும் புகுந்து ஒரு பெரும்படையே திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டின் என்ற நிறுவனத்தின் மீது அந்தப் படை பாய்ந்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. உங்கள் டிவிஆர் அப்படி ஒரு படையில் சிப்பாயாகக் கூடாது; கணக்குக் கணினியை எட்டிப் பார்க்கவும் கூடாது. இதற்குப் பெட்டியோடு, வி-லேன் புரிந்துகொள்ளும் சுவிட்ச்சும் வைஃபை அக்சஸ் பாயின்ட்டும் வேண்டும். பட்ஜெட்டில் அவற்றைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது விபிஎன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருந்தால், போர்ட் திறப்பதற்குப் பதில் இதுதான் வழி. 3389-ஐ 3390 ஆக மாற்றி வைத்துவிட்டுத் தப்பிவிட்டதாக நினைப்பது, கதவு எண்ணை அழித்துவிட்டால் திருடனுக்கு வீடு தெரியாது என்று நினைப்பதற்குச் சமம். விபிஎன் வகைகளில் வயர்கார்டு எளிது, வேகம் அதிகம். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஓப்பன்விபிஎன்னும் போதுமானது. விபிஎன்னுக்கு இரண்டாம்கட்டச் சரிபார்ப்பு வைக்க முடியுமென்றால் அவசியம் வையுங்கள்.

மூன்றாவது, இரண்டாவது இணைப்பைச் செருகும் இடம். சாலை தோண்டும் பருவத்தில் ஃபைபர் அறுந்துபோவது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கி, இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில் வந்து, கம்பம் சாய்ந்தபோது இரண்டும் போன அலுவலகம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை 4ஜி அல்லது 5ஜி ஆக வைத்துக்கொள்வது நல்லது.

வேண்டாம் என்று நான் சொல்வது, மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தை உடைத்துப் பார்க்கும் வசதியை. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டிய உறையில்தான் தகவல் அனுப்புகின்றன. உறையைப் பிரித்துப் படிக்க ஒவ்வொரு கணினியிலும் பெட்டியின் சான்றிதழை நிறுவ வேண்டும். வங்கித் தளங்களுக்கு விலக்கு எழுத வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பல முரண்டு பிடிக்கும். இதற்கென ஆள் இல்லாத அலுவலகத்தில் இரண்டு வாரத்தில் அணைத்துவிடுவார்கள். அதற்குப் பதில், கெட்ட தளங்களின் முகவரியையே தர மறுக்கும் டிஎன்எஸ் சேவை ஒன்றைப் பெட்டியில் அமைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். 9.9.9.9 என்ற முகவரியில் இயங்கும் குவாட்9, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.2 ஆகியவை இலவசம்.

விளம்பரத் தாளின் பெரிய எண்ணை நம்பாதீர்கள்

ஒரு பெட்டியின் வேகம் என்று முதல் வரியில் போட்டிருப்பது, அது வெறும் வாட்ச்மேனாக நிற்கும்போது கிடைக்கும் வேகம். ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கச் சொன்னால் வரிசை நகராது. சிறிய அலுவலகங்களில் அதிகம் விற்ற ஃபோர்டிகேட் 40எஃப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் தகவல் தாளில் ஃபயர்வால் வேகம் 5 ஜிபிபிஎஸ். ஊடுருவல் தடுப்பை இயக்கினால் 1 ஜிபிபிஎஸ். வைரஸ் சோதனை உட்பட எல்லாக் காவலையும் இயக்கினால் 600 எம்பிபிஎஸ். பூட்டிய உறையையும் பிரித்துப் பார்த்தால் 310. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். நாம்தான் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம்.

ஆகவே நீங்கள் இயக்கப்போகும் காவல்களோடு கிடைக்கும் வேகத்தைத் தேடிப் படியுங்கள். அது உங்கள் இணைப்பின் வேகத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். இன்று 200 எம்பிபிஎஸ் வாங்குகிறவர் இரண்டு ஆண்டில் 500-க்குப் போய்விடுவார்.

நான்கு வழிகள்

ஐந்தாறு பேர், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை, எல்லா வேலையும் இணையத்தளங்களில்தான் என்றால், இருக்கும் ரவுட்டரையே ஒழுங்காகப் பூட்டுங்கள். கடவுச்சொல்லை மாற்றி, யுபிஎன்பியை அணைத்து, விருந்தினர் வைஃபையைப் பிரித்துவிட்டால் போதும். செலவு சுழியம். இதைச் சொல்ல எந்த விற்பனையாளரும் வரமாட்டார்.

அடுத்த படியில் டிபி-லிங்க் ஈஆர்605, மைக்ரோடிக் போன்ற சிறு பெட்டிகள். இரண்டு இணைப்பு, வி-லேன், விபிஎன் எல்லாம் கிடைக்கும். ஆண்டுச் சந்தா இல்லை. லாட்வியா நாட்டின் மைக்ரோடிக் கையில் இருந்தால் செய்ய முடியாதது குறைவு. ஆனால் அது புதியவரைக் கைபிடித்து நடத்தாது. தவறாக ஒரு விதி எழுதினாலும் பணிவாக ஏற்றுக்கொள்ளும். 2018 ஏப்ரலில் அதன் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது. திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத ஏராளமான பெட்டிகள் பல மாதங்களுக்குப் பிறகும் கிரிப்டோ நாணயம் தோண்டும் கும்பல்களின் கையில் இருந்தன. திருத்தம் வெளியிடுவது நிறுவனத்தின் வேலை. போடுவது உங்கள் வேலை.

மூன்றாவது என் மனத்துக்குப் பிடித்தது. இரண்டு அல்லது நான்கு நெட்வொர்க் போர்ட் உள்ள சிறிய கணினி ஒன்றில் ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவுவது. இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் எழுந்தவை. 2004-இல் தொடங்கிய பிஎஃப்சென்ஸிலிருந்து 2015-இல் பிரிந்து வந்தது ஓபிஎன்சென்ஸ். சந்தா இல்லாமலே வி-லேன், வயர்கார்டு, இரட்டை இணைப்பு, வந்துபோனதைக் குறித்துவைக்கும் பதிவேடு எல்லாம் கிடைக்கும். கணினி வாங்கும்போது இன்டெல் நெட்வொர்க் சில்லு உள்ளதாகப் பாருங்கள். ரியல்டெக் சில்லுகள் ஃப்ரீபிஎஸ்டியில் அவ்வப்போது தகராறு செய்யும். ஆனால் அலுவலகத்தில் ஆர்வமுள்ள ஓர் ஆளாவது இருக்க வேண்டும். அவர் வேலையை விட்டுப் போகும்போது கடவுச்சொல்லோடு போய்விடக் கூடாது.

நான்காவது, ஆண்டுச் சந்தாவோடு வரும் ஃபோர்டிகேட், சோபோஸ் வகைகள். அகமதாபாத்தில் பிறந்த சைபரோம் நிறுவனத்தின் பெட்டிகளை நம் ஊர்க் கல்லூரிகளில் பார்த்திருப்பீர்கள். 2014-இல் அந்த நிறுவனத்தை சோபோஸ் வாங்கிக்கொண்டது. வாடிக்கையாளரின் தணிக்கை விதிகளோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால், அல்லது பொறுப்பை ஒரு வெளி நிறுவனத்திடம் முழுதாக ஒப்படைப்பதாக இருந்தால் இதை எடுங்கள். விலை கேட்கும்போது பெட்டியின் விலையைக் கேட்காதீர்கள். சந்தாவோடு ஐந்தாண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். முதல் ஆண்டுச் சந்தாவைப் பெட்டியோடு சேர்த்து வாங்கிவிட்டு, இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்கும் கட்டணம் வரும்போது "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் அலுவலகங்கள் அதிகம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது இதுதான். சந்தா முடிந்த மறுநாள் எந்தெந்த வசதி நிற்கும், மென்பொருள் திருத்தம் கிடைக்குமா, அந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெட்டியைச் சலுகை விலையில் தள்ளிவிடுகிறவர்கள் மூன்றாவது கேள்வியில் தடுமாறுவார்கள்.

நான்கில் எது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், உங்களுக்கு உதவி செய்யப்போகிறவரிடம் "உங்களுக்கு எது கைவந்தது?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாத சிறந்த பெட்டியைவிட, அவர் கண்ணை மூடிக்கொண்டு இயக்கும் சுமாரான பெட்டி நல்லது.

மாட்டும் நாள்

ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். இணைய நிறுவனத்தை முன்னரே அழைத்து, அவர்களின் பெட்டியை, முகவரி மாற்றாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு பெட்டிகளும் முகவரி மாற்றம் செய்து, விபிஎன் சண்டித்தனம் செய்யும். இணைப்புக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களின் பெட்டியில் இருக்கும் வைஃபையை அணைக்க மறக்காதீர்கள். அது ஃபயர்வாலுக்கு வெளியே நிற்கும் வைஃபை.

உள் முகவரிகளுக்கு 192.168.0 அல்லது 192.168.1 வேண்டாம். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் அதையே வைத்திருப்பதால், வீட்டிலிருந்து விபிஎன்னில் வருகிறவரின் கணினி எந்த 192.168.1 என்று குழம்பும். 10.37.10, 10.37.20, 10.37.30 என்று ஏதாவது ஓர் எண்ணைப் பிடித்து, முதலாவதை அலுவலகத்துக்கும் இரண்டாவதைக் கேமராக்களுக்கும் மூன்றாவதை விருந்தினருக்கும் கொடுங்கள்.

விதிகள் குறைவாக இருக்கட்டும். வெளியிலிருந்து வருவது எல்லாம் தடை. விபிஎன்னுக்கு மட்டும் வழி. விருந்தினர் இணையத்துக்குப் போகலாம், உள்ளே எங்கும் போகக் கூடாது. கேமராக்கள் எங்கும் போக வேண்டாம். முதலாளி கைப்பேசியில் பார்க்க ஆசைப்பட்டால் விபிஎன் வழியாகப் பார்க்கட்டும். முதலில் முணுமுணுப்பார், பிறகு பழகிவிடும். அலுவலகக் கணினிகளிலிருந்து 445, 25 ஆகிய போர்ட்கள் வெளியே போவதைத் தடுத்துவிடுங்கள். முன்னது கோப்புப் பகிர்வுக்கானது. 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் பரவிய பாதை. பின்னது வழியாகத்தான் தொற்றுப்பட்ட கணினிகள் குப்பை அஞ்சல் அனுப்பும். பெட்டியின் நிர்வாகப் பக்கம் உள்ளிருந்து மட்டும், அதுவும் ஒன்றிரண்டு கணினிகளுக்கு மட்டும் திறக்கட்டும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதும் இடம் இருக்கும். யார் கேட்டார், எந்தத் தேதியில், எதற்கு என்று எழுதுங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால் அந்த 3389 யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

வெளியிலிருந்து தட்டிப் பாருங்கள்

கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து அலுவலக முகவரியைத் திறந்து பாருங்கள். நிர்வாகப் பக்கம் வந்தால் ஏதோ தவறு. ஷீல்ட்ஸ்அப் என்ற இலவச இணையச் சேவையை அலுவலகத்திலிருந்து திறந்தால், அது வெளியிலிருந்து உங்கள் போர்ட்களைத் தட்டிப் பார்த்து எது திறந்திருக்கிறது என்று சொல்லும். விருந்தினர் வைஃபையில் சேர்ந்துகொண்டு அலுவலகப் பிரின்டரைத் தேடிப் பாருங்கள், கிடைக்கக் கூடாது. பிறகு முதல் இணைப்பின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவது எத்தனை நொடியில் எழுந்து நிற்கிறது என்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தியும் ஒருமுறை சோதியுங்கள். ஃபயர்வாலுக்கு யுபிஎஸ் கொடுத்துவிட்டு, ஃபைபர் பெட்டியைச் சாதாரண பிளக்கில் விட்டுவைப்பது நாம் எல்லோரும் செய்யும் பிழை.

பதிவேடு பற்றி ஒரு சட்டச் செய்தி. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசமும் அந்த ஆண்டு செப்டம்பர் 25-உடன் முடிந்துவிட்டது. சிறிய பெட்டிகள் பல, பதிவுகளைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைக்கின்றன. மின்சாரம் போனால் அவையும் போய்விடும். ஒரு பழைய கணினிக்கோ சேமிப்புப் பெட்டிக்கோ அவற்றை அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். பெட்டியின் கடிகாரமும் சரியாக ஓட வேண்டும். நேரம் தவறான பதிவேட்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அமைப்புகளை ஒரு கோப்பாக நகலெடுங்கள். அதை ஒரு பென் டிரைவில் போட்டு, பொருள்களை எழுதிய தாள், இணைய நிறுவனத்தின் பயனர் பெயர், நிர்வாகக் கடவுச்சொல் ஆகியவற்றோடு உறையிலிட்டு, காசோலைப் புத்தகம் இருக்கும் அலமாரியில் பூட்டுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மென்பொருள் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்க நாட்காட்டியில் குறித்து, எதிரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். "நாம் எல்லோரும்" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் இப்போது அந்தப் பெயர் ஆடிட்டருடையதே. இரவில் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆசைப்பட்டவர் அவர்தானே.